ரத்தம் சார் வீட்டுப் பட்டு

தெருவில் அவருக்கு ரத்தம் சார் என்று பெயர். யாருக்கும் ஒரு துளி கொடுத்து வந்த பெயர் அல்ல. எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவை என்று ஓடி வந்தவர்களிடம், "நம்மளோடது எல்லாருக்கும் சேராதுப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்ட புண்ணியவான். ஆனால் வாயைத் திறந்தால் ரத்தம்தான். நல்ல ரத்தம், கலப்பில்லாத ரத்தம், தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய ரத்தம். வேலையில் இருந்தவரை கடைத்தெருவில் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்தார். ஊரார் தராசில் குறை கண்டே ஆயுளைக் கழித்தவருக்கு ஓய்வு பெற்றதும் கை அரித்தது. தராசு போனால் என்ன, நாய் இருக்கிறதே என்று ஜாதி நாய் வளர்க்க ஆரம்பித்தார்.

இது அவருடைய கதை அல்ல. ஒரு கதையைத் தாங்கும் அளவுக்கு அந்த மனிதரிடம் சரக்கு கிடையாது. இது அவர் மருமகளின் கதை.

அவளைக் கண்ணாடிக் கடையில் பவரக்கா என்று கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறையில், தண்ணீர் சொட்டும் சாணைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, பிரேமின் வடிவத்துக்கு ஏற்றபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துவாள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது நகக்கண்களில் வெள்ளை மாவு அப்பியிருக்கும். கடைக்கு வருகிறவர்களைப் பற்றி அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. "பாதிப் பேர் பார்க்கறதுக்கா வர்றாங்க? பிரேமை ஊர் பார்க்கணும்னு வர்றாங்க" என்பாள் முதலாளியம்மாவிடம்.

அவளுக்கு முன்னால் ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. சிமென்ட் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன். கைக்கு வேலை இல்லாத நாளெல்லாம் அவள் கன்னத்தில் வேலை தேடினான். இரண்டு வருஷம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கட்டிய துணியோடு கிளம்பி, அப்போது அவள் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்துவந்த கண்ணாடிக் கடையின் வாசலில் வந்து நின்றாள். முதலாளியம்மா ஒன்றும் கேட்கவில்லை. "மாடியில ஒரு ரூம் கெடக்கு. இப்ப எலிதான் இருக்குது, வாடகை குடுக்க மாட்டேங்குது. நீயாவது இரு" என்றாள். லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். சட்டப்படி விவாகரத்து வாங்க வழக்கறிஞரிடம் கூட்டிப்போனதும் அவள்தான்.

இரண்டாவதாக வந்தவன் மின்சார அலுவலகத்தில் எழுத்தர். ஒரு பிரேம் தேர்ந்தெடுக்க நாலு தடவை கடைக்கு வந்தான். உன்னைப் பார்க்கத்தான் வருகிறான் என்று முதலாளியம்மா சிரித்தாள். பவரக்காவும் நம்பினாள். அவனால் எதையுமே தேர்ந்தெடுக்க முடியாது என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் விளங்கியது. இன்றைக்கும் அலுவலகம் போகும்போது எந்தச் சட்டை என்று அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் குளிக்கவே போவான். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான். முதல் இரண்டையும் பார்த்து மயங்கியவள் மூன்றாவதை எண்ண மறந்துவிட்டாள்.

அந்தக் கல்யாணத்துக்கு ரத்தம் சார் சம்மதித்தார். ஏற்கெனவே ஒருத்தனோடு வாழ்ந்தவளை மருமகளாக ஏற்றுக்கொண்ட அந்தப் பெரிய மனசை, அலமாரியில் வைத்த வெள்ளிக் கோப்பையைப்போல அடிக்கடி எடுத்துத் தூசி தட்டி, வருகிறவர்களுக்குக் காட்டிவிட்டுத் திரும்ப வைப்பார்.

இப்போது அவளுக்கு நாலாம் மாதம். சேதி தெரிந்த வாரம், காய் நறுக்கிக்கொண்டே மாமியார் ஒரு கேள்வி கேட்டாள்: "ஏம்மா, முன்னாடி இருந்தவன் கறுப்பா, செவப்பா?"

"ஏன் அத்தை?"

"சும்மாதான் கேட்டேன்."

அந்தச் சும்மாவுக்கு அர்த்தம் பவரக்காவுக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாய்களோடுதான் விடியும். முன்னறைச் சோபாவுக்குக் கீழே கர்னல் குறட்டை விடுவான். அகன்ற நெஞ்சு, பொன் நிற ரோமம், தொங்கும் காது. படத்தில் போட்டால் கம்பீரம்தான். நிஜத்தில், சோற்றுத் தட்டுக்கும் ஸ்கூட்டரின் நிழலுக்கும் இடையே நடப்பதைத் தவிர வேறு ஒரு காரியமும் அறியாதவன். பெயர் வைத்த மாமனாருக்கும் பெயர் வாங்கிய நாய்க்கும் போர்முனை அனுபவம் ஒன்றுதான்: இருவரும் குக்கர் விசிலுக்குப் பயப்படுவார்கள். சமையலறை வாசலில் பெரியம்மா படுத்திருப்பாள். பல் போன, கண்ணில் வெள்ளை படர்ந்த கிழட்டுப் பெண் நாய். அவளுக்குப் பால் வற்றிப் பல காலம் ஆகிறது. ஆனாலும் குட்டிகள் வழி தவறி வந்து முட்டினால் மல்லாந்து கொடுப்பாள். கிடைக்காது என்று தெரிந்தும் குட்டிகள் சப்பும். இல்லை என்று சொல்ல அவளுக்கும் மனம் வராது. அந்த வீட்டில் பவரக்கா மரியாதை வைத்திருந்த பெரியவர் அவள் ஒருத்திதான்.

குட்டிகளின் தாய் பட்டு. பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பாதியாக வெட்டி அவளுக்குப் பிரசவ அறை. அதில் ஐந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருளும். அன்றைக்குக் காலையில் பவரக்கா ஈரமான செய்தித்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் விரித்தாள். கொழுத்த குட்டி ஒன்று அவள் புடவை முனையைக் கவ்விக்கொண்டு, ஏதோ பெரிய வழக்கை இழுப்பதுபோல உறுமி இழுத்தது. அதன் வால் முதுகின்மேல் வளையமாகச் சுருண்டிருந்தது. ஒரு காது தொங்கியது. மற்றது பாதி நிமிர்ந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. முன்னங்காலில் வெள்ளைச் சாக்ஸ்.

அந்த வாலும் அந்தக் காதும் அந்தச் சாக்ஸும் யாருடையவை என்று தெருவுக்கே தெரியும். வாசல் கேட்டுக்கு வெளியே தினமும் குந்தி உட்கார்ந்து, உள்ளே போகிறவர் வருகிறவரையெல்லாம் எழுந்து நின்று வரவேற்கும் தெருநாய் ஒன்று உண்டு. அதனாலேயே அதற்குப் பியூன் என்று பெயர். குட்டிகள் பிறந்தபோது எல்லாம் ஒரே மாதிரி எலிக்குஞ்சுகளாகத்தான் இருந்தன. வளர வளரப் பியூன் ஜாடை ஏறியது. வெள்ளிக்கிழமை டீக்கடைக்காரர், "சார், குட்டிங்களுக்கு இப்பவே கேட்டுல டியூட்டி போட்டுடலாம் போலிருக்கே" என்று சிரித்துவிட்டார். ரத்தம் சார் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கே பழைய சாமான் ஏற்றும் வேன்காரரிடம் பேசி முடித்தார். ஞாயிறு சாயங்காலம் தாயையும் குட்டிகளையும் ஊருக்கு வெளியே, குப்பை கொட்டும் மைதானத்தில் இறக்கிவிட வேண்டும்.

குட்டிகள் மட்டும் என்றால்கூட ஒரு மடத்தனம் என்று விட்டிருக்கலாம். பட்டு எதற்கு?

"ஓடிப்போய்க் கெட்டவளுக்கு என் வீட்டுல எடம் கெடையாது" என்றார்.

பட்டு எங்கேயும் ஓடவில்லை. நடந்தது என்னவென்று பவரக்காவுக்குத் தெரியும். புருஷன் படுக்கையில் காதோடு காதாகச் சொல்லியிருந்தான். பட்டுவுக்குப் பருவம் வந்தபோது ரத்தம் சார் கர்னலைக் குளிப்பாட்டி, சீவி, முட்டை கொடுத்துப் பின்கட்டுக்கு அனுப்பினார். கர்னல் முட்டையைத் தின்றுவிட்டுப் பக்கத்துச் சந்தில் நின்ற ஸ்கூட்டருக்கு அடியில் போய்த் தூங்கிவிட்டான். பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தவன் பியூன். ரத்தம் சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பவரக்கா தன் கையால் தேய்த்துப் பொருத்திய கண்ணாடி அவருக்கு உண்டு. ஆனால் தன் பார்வையில் குறை இருப்பதாக ஒப்புக்கொள்வதில்லை என்பதால், அது டிவிக்கு மேலே கூட்டிலேயே இருக்கும். மங்கலாக இரண்டு நாய்கள் தெரிந்தன. ஒன்று பட்டு என்றால் மற்றது கர்னலாகத்தானே இருக்க வேண்டும்? மனிதர் பூரித்துப்போனார். அலுவலகம் விட்டு வந்து எதையோ சொல்ல வாயெடுத்த மகனை உதட்டில் விரல் வைத்து அடக்கினார். "சத்தம் போடாதடா. கர்னல் கடமையில இருக்கான்." யாரும் தொந்தரவு செய்யாமல் ஜன்னலுக்கு அருகில் நாற்காலி போட்டுக் காவலும் இருந்தார். மகன் ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்த கர்னலைப் பார்த்தான், பின்கட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கை கால் கழுவப் போய்விட்டான்.

மறுநாள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தது யார்? அதே ரத்தம் சார்.

அந்த ஞாயிறு பத்து மணி சுமாருக்குப் பல் டாக்டர் வந்தார். குட்டி ஒன்று கேட்டுவைத்திருந்தவர். பெட்டியை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பியூனைத் திரும்பிப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர்.

"தப்பு நடந்துபோச்சு டாக்டர்" என்றார் ரத்தம் சார், வீட்டில் களவு போனவரின் குரலில். "எப்படியோ செவரு ஏறிக் குதிச்சுப் போயிருக்கு."

"பரவாயில்ல சார். அடுத்த ஈத்துல ஒண்ணு குடுங்க. கர்னல் இருக்கானே."

ரத்தம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறிவு பொங்கும்போது அவர் அப்படித்தான் உட்காருவார்.

"அதுதான் டாக்டர் இல்ல. ஒரு தடவை கெட்டா கெட்டதுதான். முதல்ல சேர்ந்த ஆணோட சுவடு ரத்தத்துல தங்கிடும். அப்புறம் ராஜா மாதிரி ஆணைக் கொண்டாந்து சேர்த்தாலும், எந்த ஈத்துலயாவது அந்தப் பழைய ஜாடை தலை நீட்டும். வளர்க்கறவங்க எல்லாருக்கும் தெரியும் இது."

பல் டாக்டர் தலையாட்டினார். பல்லைத் தவிர மற்ற எதைப் பற்றி யார் சொன்னாலும் தலையாட்டுவது அவர் வழக்கம் போலிருக்கிறது.

டீக் கோப்பைகளை வைக்க வந்த பவரக்கா தட்டோடு நின்றாள். மாமியார் சமையலறை வாசலில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் பார்வை மெதுவாக இறங்கி மருமகளின் வயிற்றில் வந்து நின்றது. கறுப்பா, செவப்பா? அட, இதற்குத்தானா. சேதி தெரிந்த நாளிலிருந்து இந்த வீடு தன் வயிற்றில் சிமென்ட் கிடங்குக்காரனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் கோப்பைகளை வைத்தாள். லென்ஸ் தேய்க்கிற கை, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"மாமா, ஒரு சந்தேகம். இது நாய்க்கு மட்டுமா, மனுஷங்களுக்கும் உண்டா?"

ரத்தம் சாருக்குக் கேள்வி பிடித்திருந்தது. கேட்டது யார் என்பதை யோசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "இயற்கை எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா."

"கர்னல் இதுக்கு முன்னாடி எத்தனை வீட்டுக்குப் போயிருக்கான்?"

"கணக்கே இல்ல" என்றார் பெருமையாக.

"அப்ப அந்தச் சுவடெல்லாம் அவன் ரத்தத்துல தங்கலியா?"

"ஆணுக்கு என்னம்மா? அவன் குடுக்கறவன். வாங்கறதுதான் கெடும்."

பல் டாக்டர் இதற்கும் தலையாட்டத் தொடங்கி, பாதியில் ஏதோ உறைத்தவர்போல நிறுத்தி, டீயைப் பார்த்தார். சோபாவின் மறு ஓரத்தில் அவள் புருஷன் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடியிருந்தான். அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறங்கவில்லை. பக்கமும் திரும்பவில்லை.

டாக்டர் போனதும் அவள் பின்கட்டுக்குப் போய்ப் பட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டு முகவாயை அவள் மடியில் வைத்தது. ஐந்து குட்டிகளும் வரிசையாகப் பால் குடித்தன. இந்தக் குட்டிகளில் ஒன்றுகூட எதையும் திருடிக்கொண்டு பிறக்கவில்லை. கிழவர் ஒருவர் கண்ணாடி போடவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதற்குக் குப்பைமேடு தண்டனை, அதுவும் பார்த்தவருக்கு இல்லை, பார்க்கப்பட்டவளுக்கு. நாளைக்குத் தன் குழந்தை கொஞ்சம் நிறம் குறைந்தோ, மூக்கு சப்பையாகவோ, சும்மா அழுமூஞ்சியாகவோ பிறந்தால்? இவர்கள் தொட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு ஜாடை பார்ப்பார்கள். ஆயுளுக்கும் பார்ப்பார்கள். செய்தித்தாள் அன்றைக்கும் இறங்காது.

மத்தியானம் புருஷன் பின்கட்டுக்கு வந்து துவைகல்லின் மேல் உட்கார்ந்தான்.

"அப்பா நாயைத்தான் சொன்னாரு. நீ ஏன் ஒன்னோட சேர்த்துப் பார்க்கற?"

"நான் சேர்க்கல. இயற்கை எல்லாருக்கும் ஒண்ணுன்னு அவருதான் சேர்த்தாரு."

"வயசானவரு. விட்டுடேன்."

"சரி, விட்டுடறேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. அன்னைக்குப் பார்த்ததை உங்க அப்பாகிட்ட சொல்லுங்க. பட்டு ஓடலைன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

அவன் குட்டி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதன் பாதி நிமிர்ந்த காதை நிமிர்த்திப் பார்த்தான், விட்டான், மடிந்தது. "சமயம் பார்த்துச் சொல்றேன்" என்றான்.

சாயங்காலம் வேன் வந்தது. வேன்காரர் பின்கதவைத் திறந்து, ஒரு சாக்கை விரித்தார். ரத்தம் சார் கேட்டருகில் நின்று கட்டளை கொடுத்தார். பட்டு வர மறுத்தது. கழுத்துக் கயிற்றை அவர் இழுக்க, அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டது.

"பாரு, ஓடத் தெரியுது, வரத் தெரியல."

"அவ ஓடல மாமா" என்றாள் பவரக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் நின்று கேட்கும் அளவுக்குத் தெளிவாகச் சொன்னாள். "பியூன்தான் உள்ள வந்தான். நம்ம பின்கட்டுக்கே வந்தான். ஜன்னல்ல நாற்காலி போட்டுக் காவல் இருந்தது நீங்கதான். கர்னல் ஸ்கூட்டருக்குக் கீழ தூங்கிட்டிருந்தான். நீங்க கண்ணாடி போடல."

 எதிர்வீட்டு மாடியில் யாரோ இருமினார்கள். அது இருமல் அல்ல என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ரத்தம் சாரின் முகம் சிவந்து, கறுத்து, ஒரு நிறத்தில் நிற்க முடியாமல் தவித்தது.

"டேய், நீ அங்கதானே நின்ன? இவ சொல்றது நெசமா?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பவரக்கா பார்த்தாள். அவன் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். நாலு தடவை வந்து, கடைசியில் அவளே எடுத்துக் கொடுத்த பிரேம்.

"வெளிச்சம் சரியா இல்லப்பா" என்றான். "ஒண்ணும் சரியாத் தெரியல."

அவ்வளவுதான். அவள் அழுவாள் என்று மாமியார் நினைத்திருக்கலாம். அவள் உள்ளே போனாள். ஒரு பையில் நாலு துணியும் ஆஸ்பத்திரிச் சீட்டும் எடுத்துக்கொண்டாள். பின்கட்டுக்குப் போய் அட்டைப்பெட்டியைக் குட்டிகளோடு தூக்கி வந்து வேனுக்குள் வைத்தாள். பெட்டி போன இடத்துக்குப் பட்டு, யாரும் இழுக்காமலே தாவி ஏறியது. அவள் முன்கதவைத் திறந்து வேன்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெட்டுப்போனதெல்லாம் ஏத்தியாச்சு" என்றாள். "கடைத்தெருவுக்கு விடுங்கண்ணே. கண்ணாடிக் கடை மாடிக்கு."

"குப்பை மைதானம்னு சொன்னாங்களேம்மா."

"சொன்னவங்களை இன்னொரு நாள் அங்க கொண்டுபோய் விட்டுக்கலாம்."

வேன்காரர் வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார், மீசைக்குள் சிரித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

மாமியார் ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "என்னடி இது, வயித்துல இருக்கறது எங்க வீட்டுக் கொழந்தை."

"இத்தனை நாள் அதுலதான உங்களுக்குச் சந்தேகம், அத்தை?"

மாமியாரின் கை கம்பியிலிருந்து தானாகவே விழுந்தது. பவரக்கா புருஷன் இருந்த திசையில் பார்த்தாள். அவனைக் காணவில்லை. வீட்டுக்குள் ஓடியிருந்தான். சரி, செருப்பு மாட்டிக்கொண்டு வருகிறான் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனசுக்குள் ஒரு முட்டாள் எழுந்து உட்கார்ந்தாள். அவன் வந்தான். வெறுங்காலோடுதான் வந்தான். கையில் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் புட்டி.

"இதை விட்டுட்டியே" என்று ஜன்னல் வழியாக நீட்டினான். கொடுத்துவிட்டு, தானும் ஏறப்போவதாக அப்பா நினைத்துவிடக் கூடாதே என்று இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

அவள் புட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "போலாம்ண்ணே."

வேன் நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் வீடு சின்னதாகத் தெரிந்தது. சந்தில் நின்ற ஸ்கூட்டரின் நிழலில் கர்னல் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். கேட்டில் ரத்தம் சார், கண்ணுக்கு மேலே கையைக் குவித்து, மங்கிய தெருவைத் துழாவிக்கொண்டிருந்தார். வேனுக்குப் பின்னால், சுருண்ட வாலும் வெள்ளைக் காலுமாக ஒரு நாய் முழு மூச்சில் ஓடி வந்தது. பட்டு பின்கதவு இடுக்கில் மூக்கை நுழைத்து முனகியது.

ரத்தம் சாரும் அதைப் பார்த்துவிட்டார். வேன் தெருமுனையில் திரும்பும்வரை அவருடைய குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"கர்னல்! அடேய் கர்னல், நீ எங்கடா அதுங்க பின்னாடி ஓடற? திரும்பி வாடா!"